எட்டு வயதாகியும் எழுத்துக்கூட்டியே படிக்கிறான்: டிஸ்லெக்ஸியாவா, பொறுத்திருந்தால் சரியாகுமா?

நிலாமுற்றம்:

எல்லோருக்கும் வணக்கம். என் பையனுக்கு எட்டு முடிந்து ஒன்பது நடக்கிறது. மூன்றாம் வகுப்பு. பேச்சில் கெட்டிக்காரன். ஒரு கதையை ஒருமுறை கேட்டால் போதும், மறுநாள் அப்படியே திருப்பிச் சொல்வான். நாம் விட்டுவிட்ட இடத்தையும் எடுத்துக் கொடுப்பான். புத்தகத்தைத் திறந்தால்தான் முகம் மாறிவிடுகிறது.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். பாடத்தில் 'குதிரை' என்ற சொல் வந்தது. கு... தி... ரை என்று விரல் வைத்துக் கூட்டிச் சரியாகச் சொன்னான். இரண்டு வரி தாண்டி அதே சொல். மறுபடியும் கு... தி... இந்த முறை 'குதி' என்று நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பக்கத்தின் அடியில் மூன்றாவது தடவை வந்தபோது, அந்தச் சொல்லை இதுவரை பார்த்ததே இல்லை என்பதுபோல் முதலிலிருந்து ஆரம்பித்தான்.

'மரத்தில் குருவி கூடு கட்டியது' என்றிருந்தால் 'மரத்துல குருவி வீடு கட்டுச்சு' என்று வாசிக்கிறான். எழுதும்போது 'வந்தான்' என்பது 'வதன்' ஆகிவிடுகிறது. ஒற்றெழுத்து பாதி நேரம் காணாமல் போகிறது, குறில் நெடில் மாறுகிறது. கண் பரிசோதனை செய்தாயிற்று, காதும் சரியாகத்தான் கேட்கிறது. வகுப்பாசிரியர் "சில பசங்க மெதுவாத்தான் வருவாங்க, ஒரு வருஷம் பாருங்க" என்கிறார். வீட்டுப் பெரியவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். என் கணவரும் சின்ன வயதில் வாசிக்க ரொம்பக் கஷ்டப்பட்டவராம், "எனக்குச் சரியாகலையா" என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை:

சகோதரி, வாசிப்பில் திணறும் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருவதுதான் என் வேலை. டிஸ்லெக்ஸியா என்பது எழுத்தையும் ஒலியையும் சேர்த்து வாசிக்கக் கற்பதில் பிறவியிலேயே இருக்கும் சிரமம். எழுத்தில் படித்ததை வைத்து 'இது டிஸ்லெக்ஸியாதான்' என்று யாரும் முத்திரை குத்தக்கூடாது, அதற்கு முறையான மதிப்பீடு வேண்டும். ஆனால் நீங்கள் சொன்ன அந்தக் குதிரையை நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். சாதாரணமாக வாசிக்கக் கற்கும் குழந்தை ஒரு சொல்லைச் சில தடவை கூட்டிப் படித்தால், அது மனதில் முழுச்சொல்லாகப் பதிந்துவிடும். பிறகு கூட்ட வேண்டியதில்லை, பார்த்ததும் வாய்க்கு வரும். டிஸ்லெக்ஸியா உள்ள குழந்தைக்கு அந்தப் பதிவு நடக்க மிகமிக அதிக தடவை தேவைப்படுகிறது.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பேச்சு தானாக வரும், சுற்றிலும் பேசினால் போதும். வாசிப்பு அப்படி வராது. எழுத்து என்ற ஒன்றே சுமார் 5,000 ஆண்டுப் பழக்கம்தான். அதற்கென்று மூளையில் பிறவியிலேயே ஒதுக்கிய இடம் கிடையாது. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பகுதியை ஒட்டி, இடப்பக்க மூளையின் பின்புற அடிப்பகுதியில் ஓர் இடத்தை வாசிப்பு தனக்கென எடுத்துக்கொள்கிறது. பிரெஞ்சு ஆய்வாளர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அந்த இடம் பேச்சொலியைக் கையாளும் பகுதிகளோடு இறுக்கமாக இணைந்தால்தான் வாசிப்பு சரளமாகும். டிஸ்லெக்ஸியாவில் இந்த இணைப்புதான் தளர்வாக இருக்கிறது.

வேர் பெரும்பாலும் ஒலியில் இருக்கிறது. வீட்டில் இதை விளையாட்டாகக் கேட்டுப் பாருங்கள்: "'கல்' என்ற சொல்லில் முதல் ஒலியை மட்டும் எடுத்துவிட்டு 'ப்' போட்டால் என்ன வரும்?" 'பல்' என்று சட்டென்று வருகிறதா, திணறுகிறானா? "'கடல்' சொல்லில் 'க'வை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?" இதில் புத்தகமே இல்லை, எழுத்தே இல்லை. அப்படியும் திணறினால் சிக்கல் கண்ணில் இல்லை என்று தெரிந்துவிடும். இன்னொன்று, நன்றாகத் தெரிந்த நிறங்களின் பெயரையோ படங்களின் பெயரையோ வரிசையாக வேகமாகச் சொல்லச் சொல்வது. 1976-இல் மார்த்தா டென்க்லா, ரீட்டா ரூடல் இருவரும் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் இதில் மெதுவாக இருப்பதைக் காட்டினார்கள். இன்றைக்கும் மதிப்பீடுகளில் இது இருக்கிறது.

உங்கள் கணவர் சொன்னதை மதிப்பீடு செய்பவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இது குடும்பத்தில் ஓடுகிற விஷயம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி அளவுக்கு இருக்கிறது. 2022-இல் வெளிவந்த பெரிய மரபணு ஆய்வு, டிஸ்லெக்ஸியா உள்ள 50,000-க்கும் மேற்பட்டவர்களை மற்றவர்களோடு ஒப்பிட்டு, 42 மரபணு இடங்களைச் சுட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் சிறிது. ஆக, 'டிஸ்லெக்ஸியா மரபணு' என்று ஒன்றே ஒன்று கிடையாது.

'ஒரு வருஷம் பாருங்க' என்பதை மட்டும் தயவுசெய்து ஏற்காதீர்கள். 1988-இல் கோனி ஜூயல் வெளியிட்ட ஆய்வில், முதல் வகுப்பு முடிவில் வாசிப்பில் பின்தங்கியிருந்த பிள்ளை நான்காம் வகுப்பு முடிவிலும் பின்தங்கியே இருக்கும் வாய்ப்பு 88 சதவீதம் என்று வந்தது. காத்திருந்து சரியாகிற பிள்ளைகள் உண்டு, குறைவு. உங்கள் பையன் ஏற்கெனவே மூன்றாம் வகுப்பு.

நேர்வழி:

கோபித்துக்கொள்ள வேண்டாம், மனதில் பட்டதைச் சொல்கிறேன். நாங்கள் படித்த காலத்தில் இப்படி ஒரு பெயரே கேட்டதில்லை. வகுப்பில் நாலைந்து பேர் மக்காக இருப்பார்கள், உட்கார வைத்துப் படிக்க வைத்தால் படிப்பார்கள். இப்போது கையில் போன் இருக்கிறது, படிக்கப் பொறுமை இல்லை. அதற்கு ஒரு நோய்ப்பெயர் வைத்துவிட்டால் பிள்ளையும் "எனக்கு வராது" என்று உட்கார்ந்துவிடும். தாயாக நீங்கள் கவலைப்படுவது புரிகிறது. தினமும் ஒரு மணி நேரம் சத்தமாகப் படிக்க வையுங்கள், அதுவே மருந்து.

கரும்பலகை:

ஐயா, பெயர் புதிதல்ல. 1887-இலேயே ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 'டிஸ்லெக்ஸியா' என்ற சொல்லைப் பயன்படுத்திவிட்டார். மூளையில் அடிபட்ட பெரியவர்களைப் பற்றி எழுதினார். பிறவியிலேயே இப்படி இருக்கும் ஒரு பிள்ளையைப் பற்றிய முக்கியமான பதிவு 1896-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. எழுதியவர் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர். பையன் பெயர் பெர்சி, வயது 14. பளிச்சென்று பேசுவான், கணக்குப் போடுவான். தன் பெயரை எழுதச் சொன்னால் 'பெர்சி'யின் எழுத்துகள் இடம் மாறி 'பிரெசி' ஆகும். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதை மார்கன் பதிந்திருக்கிறார். 1896-இல் எந்தப் பிள்ளையின் கையிலும் போன் இல்லை.

உங்கள் வகுப்பில் நீங்கள் பார்த்த அந்த நாலைந்து பேரில் ஓரிருவராவது இந்தப் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள். எங்கே கோடு கிழிக்கிறோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும், பொதுவாக நூற்றுக்கு 5 முதல் 10 பேர் என்பார்கள். அவர்கள் மக்கு இல்லை. 2011-இல் வந்த மூளைப்படம் எடுத்த ஆய்வு ஒன்றில், ஐ.க்யூ அதிகமாக இருந்து வாசிக்கத் திணறிய பிள்ளைகளுக்கும் ஐ.க்யூ குறைவாக இருந்து திணறியவர்களுக்கும், ஒலியைக் கையாளும்போது மூளைச் செயல்பாட்டில் ஒரே மாதிரியான குறைவுதான் தெரிந்தது. புத்திக்கும் இதற்கும் கணக்கு வேறு.

தினமும் ஒரு மணி நேரம் சத்தமாகப் படிக்க வைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். எப்படிக் கூட்டுவது என்று கற்றுக்கொடுக்காமல் சத்தமாகப் படிக்க மட்டும் சொன்னால் பிள்ளை ஊகிக்கத்தான் பழகுவான். 'கூடு' என்பதை 'வீடு' என்று வாசித்தது அதுதான். அவன் அர்த்தத்தைப் பிடித்துவிடுகிறான், எழுத்தை விட்டுவிடுகிறான்.

பின்வரிசை:

நேர்வழி சார், நான் அந்த 'நாலைந்து பேரில்' ஒருவன். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. மின்பொறியாளர். வரைபடத்தைப் பார்த்தால் எங்கே தவறு என்று சொல்லிவிடுவேன். இதே வேலைக்கான பத்துப் பக்க அறிக்கையைப் படிக்க மற்றவர்களைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஆகும். மற்றவர்கள் தார்ச்சாலையில் நடக்கிற தூரத்தை நான் இடுப்பளவு தண்ணீரில் நடக்கிறேன். போய்ச் சேர்ந்துவிடுவேன். சேரும்போது களைத்திருப்பேன்.

'பெயர் வைத்தால் பிள்ளை உட்கார்ந்துவிடும்' என்றீர்கள். பெயர் இல்லாமல் இல்லை சார், அப்போதும் பெயர் இருந்தது. சோம்பேறி, மந்தம், கவனமில்லாதவன். வகுப்பில் வரிசையாக ஆளுக்கொரு பத்தி வாசிக்கச் சொல்வார்கள். எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணி, என் பத்தி எதுவென்று கண்டுபிடித்து, முறை வருவதற்குள் அதை மனப்பாடம் செய்ய முயல்வேன். யாராவது அன்று வராமல் போயிருந்தால் கணக்குத் தப்பிவிடும். அந்த நேரத்தில் மற்றவர்கள் வாசித்த பாடம் ஒன்றும் என் காதில் ஏறியதில்லை. இவ்வளவு உழைப்பவனைத்தான் சோம்பேறி என்றார்கள்.

பெரியவனான பிறகு மதிப்பீடு செய்துகொண்டேன். அந்த அறிக்கையைக் கையில் வாங்கியபோது எனக்கு வந்தது நிம்மதி.

மழைக்குருவி:

கரும்பலகை அக்கா, எனக்கும் ஒரு சந்தேகம். டிஸ்லெக்ஸியா என்றால் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பித் தெரியும், பக்கத்தில் நெளியும் என்று படித்தேன். நிறக்கண்ணாடி போட்டால், அல்லது அதற்கென்றே வடிவமைத்த எழுத்துரு வைத்தால் சரியாகும் என்கிறார்களே? என் தங்கை மகளுக்கு வாங்கலாமா என்று யோசிக்கிறோம்.

கரும்பலகை:

அந்தப் பணத்தைப் பயிற்சிக்கு வையுங்கள் என்பேன். 2009-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் கண் மருத்துவ அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில், நிறக்கண்ணாடிக்கும் கண் பயிற்சிகளுக்கும் வாசிப்புக் குறைபாட்டைச் சரிசெய்யும் ஆதாரம் இல்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணில் குறை இருந்தால் கண்ணாடி போட வேண்டியதுதான், அது வேறு. தனி எழுத்துருவும் சோதனைகளில் பெரிதாக நிற்கவில்லை. எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டினால் வாசிக்கும் வேகம் சற்றுக் கூடி, தவறுகள் குறைந்ததாக 2012-இல் இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு காட்டியது. அதைக் காசில்லாமல் கணினியிலேயே செய்யலாம்.

எழுத்தைத் திருப்பி எழுதுவது ஆறேழு வயதுவரை எல்லாக் குழந்தைகளும் செய்வது. ஒரு கோப்பையை வலப்பக்கம் திருப்பினாலும் இடப்பக்கம் திருப்பினாலும் அது கோப்பைதான் என்று மூளை பழகியிருக்கிறது. எழுத்துக்கு மட்டும் அந்தப் பழக்கத்தை விட வேண்டும். அதற்குக் கொஞ்ச காலம் எடுக்கிறது. அதை மட்டும் வைத்து டிஸ்லெக்ஸியா என்று பயப்பட வேண்டாம், திருப்பி எழுதவில்லை என்பதற்காக இல்லை என்றும் நினைக்க வேண்டாம்.

தங்கை மகள் என்றதால் இதையும் சொல்கிறேன். பெண் குழந்தைகள் அடிக்கடி தப்பிவிடுகிறார்கள். 1990-இல் சாலி ஷேவிட்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பள்ளிகள் அடையாளம் காட்டியவர்களில் பையன்கள் மிக அதிகம், ஆய்வாளர்களே எல்லாக் குழந்தைகளையும் சோதித்துப் பார்த்தபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சத்தம் போடும் பிள்ளை கண்ணில் படுகிறான். அமைதியாக உட்கார்ந்து திணறும் பிள்ளையை யாரும் பார்ப்பதில்லை.

ஒலியோவியம்:

பேச்சுப் பயிற்சியாளர் என்ற முறையில் மொழியைப் பற்றிச் சில வார்த்தைகள். நிலாமுற்றம், உங்கள் பையன் தமிழில்தான் இப்படியா, ஆங்கிலத்திலுமா?

கேட்பதற்குக் காரணம் உண்டு. மூளையின் சிக்கல் ஒன்றேதான், அது வெளியே தெரிகிற விதம் எழுத்துமுறையைப் பொறுத்து மாறும். 2001-இல் இத்தாலிய, பிரெஞ்சு, ஆங்கிலம் பேசும் டிஸ்லெக்ஸியா உள்ள பெரியவர்களை ஒப்பிட்டார்கள். மூளையில் மூவருக்கும் ஒரே இடத்தில் செயல்பாடு குறைந்திருந்தது. ஆனால் இத்தாலியர்கள் வாசிப்பில் மற்ற இருவரைவிடச் சரியாக வாசித்தார்கள், ஏனென்றால் இத்தாலியத்தில் எழுதியபடியே ஒலிக்கும். ஆங்கிலத்தில் ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறு ஒலி தரும், எழுதிவிட்டு ஒலிக்காமலும் விடுவார்கள். அங்கே இந்தப் பிள்ளைகள் சீக்கிரம் மாட்டிக்கொள்கிறார்கள்.

தமிழ் பெருமளவு எழுதியபடி வாசிக்கும் மொழி. அதனாலேயே ஓர் ஆபத்து இருக்கிறது: எப்படியோ கூட்டிச் சரியாகச் சொல்லிவிடுகிறான், ஆகவே 'வாசிக்கத் தெரியும்' என்று விட்டுவிடுகிறோம். தமிழில் தவறை மட்டும் எண்ணினால் பிள்ளையின் சிரமம் பாதி மறைந்துவிடும். வேகத்தைப் பார்க்க வேண்டும்.

தமிழுக்கே உரிய இடறல்களும் உண்டு. 'கெ' என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலி பின்னால் வருகிறது. 'கொ'வில் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. 'கு', 'சு', 'து', 'மு' எல்லாமே உகரம்தான், ஆனால் வளைவு எழுத்துக்கு எழுத்து வேறு. இருநூறுக்கு மேற்பட்ட உயிர்மெய் வடிவங்களை உடனே அடையாளம் காண வேண்டும். போதாததற்கு 'க' என்ற ஒரே எழுத்து 'கல்'லில் ஒரு மாதிரியும் 'தங்கம்' என்பதில் வேறு மாதிரியும் ஒலிக்கிறது. வீட்டில் 'வந்துட்டாங்க' என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் 'வந்துவிட்டார்கள்' என்பதைச் சந்திக்கிறான். காதில் விழாத வடிவத்தைக் கண்ணால் பிடிக்க வேண்டியிருக்கிறது. 'கட்டியது' என்பதைக் 'கட்டுச்சு' என்று உங்கள் பையன் வாசித்தது இதனால்தான்.

நிலாமுற்றம்:

ஆங்கிலத்திலும்தான், அங்கே இன்னும் மோசம். 'கல் – பல்' விளையாட்டைக் கேட்டுப் பார்த்தேன். 'ப்' போடு என்றால் 'பகல்' என்கிறான். இரண்டு மூன்று சொல் மாற்றிக் கேட்டும் அப்படித்தான். மதிப்பீட்டுக்கு நாள் குறித்துவிட்டேன். அதுவரை கை கட்டிக்கொண்டு இருக்க முடியாது. வீட்டில் என்ன செய்யலாம்? தேர்வில் கூடுதல் நேரம் தருவார்கள் என்கிறார்கள், கேட்கலாமா?

கரும்பலகை:

'பகல்' என்ற அந்தப் பதில் முக்கியம், குறித்து வைத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒலியை மாற்றாமல் முன்னால் ஒட்டிவிட்டான். 'க'வுக்குள் 'க்' தனியே இருப்பது அவனுக்கு இன்னும் கேட்கவில்லை.

அதிலிருந்தே தொடங்கலாம். முதலில் வாயால் மட்டும்: ஒரு சொல்லைச் சொல்லி, அதிலுள்ள ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு பொத்தானையோ புளியங்கொட்டையையோ நகர்த்தச் சொல்லுங்கள். 'ம்... ஆ' என்று இரண்டு நகர்த்தி, சேர்த்தால் 'மா'. பிறகு அதே ஒலிக்கு எழுத்து. துணைக்கால் ஒரு நாள், அதை மட்டும் எல்லா மெய்யோடும். அது கைவந்த பிறகுதான் அடுத்த குறி. மணலிலோ தட்டில் பரப்பிய மாவிலோ விரலால் எழுதிக்கொண்டே ஒலியைச் சொல்ல வைப்பது நல்லது. அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற மருத்துவரும் அன்னா கில்லிங்ஹாம் என்ற ஆசிரியையும் 1920கள், 30களிலேயே இந்த வழியை வகுத்தார்கள்: படிப்படியாக, ஒழுங்காக, எதையும் 'தானாகப் புரிந்துகொள்வான்' என்று விடாமல், கண் காது கை மூன்றையும் சேர்த்து. 1983-இல் பிராட்லி, பிரையன்ட் இருவரும் ஒலிப்பயிற்சியோடு எழுத்தையும் சேர்த்துக் கற்றவர்களே அதிகம் முன்னேறினார்கள் என்று காட்டினார்கள். ஒலியை மட்டும் பயிற்றுவித்து நிறுத்திவிடாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

வாசிக்கக் கொடுக்கும் பத்தி, அவன் கற்ற குறிகள் மட்டும் உள்ளதாக இருக்கட்டும். அப்போது ஊகிக்கத் தேவையில்லை. ஒரே சிறு பத்தியை நீங்கள் ஒருமுறை வாசித்துக் காட்டி, பிறகு அவன் சில தடவை வாசிக்கட்டும். தவறினால் "சரியா பாரு" என்பதற்குப் பதில், அந்த எழுத்தின்மேல் விரல் வைத்து "இங்க என்ன ஒலி?" என்று கேளுங்கள். பதினைந்து இருபது நிமிடம் போதும், அதற்குமேல் பிள்ளை ஏற்க மாட்டான்.

எதிர்பார்ப்பைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சரியாக வாசிப்பது பயிற்சியில் நன்றாக முன்னேறும், வேகம் அவ்வளவு எளிதில் வராது. 2001-இல் ஜோசப் டார்கசன் குழு எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு எட்டு வாரத்தில் 67.5 மணி நேரம் தனித்தனியாகக் கற்பித்தார்கள். வாசிப்பின் சரித்தன்மை மிகவும் உயர்ந்தது, சரளம் அந்த அளவுக்கு எட்டவில்லை. கூடுதல் நேரம் கேட்பதற்கு இதுவே காரணம். தாராளமாகக் கேளுங்கள்.

நேர்வழி:

பின்வரிசை தம்பி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். வரிசை எண்ணி மனப்பாடம் செய்த விஷயம் மனதைப் பிசைந்துவிட்டது. 'மக்கு' என்று எழுதியது சரியில்லை, அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன், விவாதத்துக்காகக் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரே தேர்வு, ஒருவருக்கு மட்டும் கூடுதல் நேரம் என்றால் மற்ற பிள்ளைக்கு அது நியாயமா?

பின்வரிசை:

நன்றி சார். நியாயமான கேள்விதான். அறிவியல் தேர்வு எதை அளக்கிறது? அறிவியல் தெரியுமா என்பதை. கேள்வித்தாளை வாசித்து முடிக்கவே என் நேரம் போய்விட்டால், தாளில் வரும் மதிப்பெண் என் வாசிப்பு வேகத்துக்கானது. கூடுதல் நேரம் எனக்கு ஒரு விடையையும் சொல்லித் தராது. தெரியாத கேள்வி எத்தனை மணி நேரம் கொடுத்தாலும் தெரியாததுதான். வாசிப்பு வேகத்தையே அளக்கிற தேர்வு என்றால் அங்கே நான் கேட்க மாட்டேன்.

நேர்வழி:

இது எனக்கு ஏற்கும்படி இருக்கிறது. சான்றிதழ் வாங்கித் தவறாகப் பயன்படுத்துபவர்கள் இருப்பார்கள் என்ற என் சந்தேகம் மட்டும் போகவில்லை. இருந்தாலும் அதற்காக இந்தப் பிள்ளைக்கு மறுக்க முடியாது.

நிலாமுற்றம்:

கடைசியாக ஒன்று. கதைகளைக் கேட்க விட்டால் ஆசையாகக் கேட்கிறான். பாடங்களையும் நான் வாசித்துச் சொன்னால் எல்லாம் புரிகிறது. ஆனால் "நீ வாசிச்சுச் சொல்லிச் சொல்லித்தான் அவன் படிக்கிறதே இல்லை" என்று வீட்டில் சொல்கிறார்கள். நிறுத்திவிடட்டுமா?

ஒலியோவியம்:

நிறுத்தவே நிறுத்தாதீர்கள். 1986-இல் கஃப், டன்மர் இருவரும் சொன்னது இது: புரிந்து வாசிப்பதற்கு இரண்டு வேண்டும், எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒன்று, மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் ஒன்று. இரண்டும் பெருக்கல் கணக்கு, ஒன்று பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம். உங்கள் பையனுக்கு இரண்டாவது நன்றாக இருக்கிறது. வாசித்துச் சொல்வதை நிறுத்தினால் புதிய சொற்களும் செய்திகளும் வருகிற ஒரே வழியும் அடைபடும். வாசிக்கிற பிள்ளைகள் புத்தகத்திலிருந்து சொல்வளம் சேர்த்துக்கொண்டே போவார்கள், இவன் அதிலும் பின்தங்கிவிடுவான். பயிற்சி நேரத்தில் அவன் வாசிக்கட்டும். பாடத்துக்கும் கதைக்கும் நீங்கள் வாசியுங்கள், அல்லது ஒலிநூல் போடுங்கள். கேட்கும்போது புத்தகமும் திறந்திருந்து, விரல் வரிமேல் போனால் இன்னும் நல்லது.

பின்வரிசை:

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா. மதிப்பீடு முடிந்ததும் அவனிடமே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். "உனக்குப் புத்தி குறைவில்லை. எழுத்தையும் ஒலியையும் சேர்க்கிற வேலை உன் மூளைக்குக் கஷ்டமா இருக்கு. அதுக்கு வேற மாதிரி சொல்லித் தரணும், நாம செய்யப்போறோம்." ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது புரியும். யாரும் சொல்லாவிட்டால் அவனே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வான், அது அவனைப் பற்றிய மோசமான காரணமாகத்தான் இருக்கும். அவன் அப்பாவும் பக்கத்தில் இருந்து "எனக்கும் இப்படித்தான்டா இருந்துச்சு" என்று சொன்னால் ரொம்ப நல்லது.

நிலாமுற்றம்:

அவரிடம் இந்த இழை முழுவதையும் வாசித்துக் காட்டினேன். வரிசை எண்ணும் இடத்தில் "நானும் எண்ணுவேன்" என்றார். இதுவரை என்னிடம் சொன்னதே இல்லை. மதிப்பீட்டுக்கு அவரும் கூட வருகிறார். முடிவு வந்ததும் எழுதுகிறேன்.